மாதிரிப் பை ஆகாயத்தில் காலியான கதை

போடியிலிருந்து இப்போது யார் விமானத்தில் போய்விட்டு வந்தாலும் என்னைப் பார்க்க வருகிறார்கள். மரியாதைக்கு என்று நினைத்துவிடாதீர்கள். உட்காரும் இடம் குறுகல், காப்பி ஆறிப்போயிருந்தது, அரை மணி நேரம் தாமதம் என்று தங்கள் துயரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, எழுந்து போகிற நேரத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். "ஏன் அப்பு, அன்னைக்கு ஆகாயத்துல நீங்க தானம் பண்ணுனது ரெண்டு ராத்தலா, மூணு ராத்தலா?" கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு.

ரெண்டு ராத்தல். ரெண்டே ராத்தல், இன்றைய கணக்கில் ஒரு கிலோகூட வராது. எத்தனை தடவை சொல்வது?

வாங்குகிறவருக்குக் காட்ட ஏலக்காய் மாதிரிப் பையை எடுத்துக்கொண்டு பம்பாய்க்கு விமானம் ஏறினான், வாந்தி எடுத்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தான், வெறும் பையோடு இறங்கினான் என்று ஊரில் ஒரு கதை நடக்கிறது. கதை உண்மைதான். ஆனால் இறங்கிய இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எவனுக்கும் வாய் வருவதில்லை. அதனால் நானே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. பிழை இருந்தால் அச்சுக் கோக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும். கோபத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

பதினோரு வயதில் குரங்கணிப் பாதையில் தலைச்சுமை தூக்க ஆரம்பித்தவன் நான். மேலே போகும்போது அரிசி, கீழே வரும்போது ஏலக்காய். முப்பது வயதில் அதே மலையில் எனக்கென்று ஒரு சின்னத் தோட்டமும், காய் உலர்த்துகிற ஸ்டோரும் இருந்தன. அப்பன் வைத்துவிட்டுப் போனது இல்லை, மாமனார் கொடுத்தது இல்லை. என் தோட்டத்துக் காய் போடியிலேயே முதல் தரம். இதை நான் சொல்லவில்லை, சரக்கைக் கையில் வாங்கி மோந்து பார்த்த எவனைக் கேட்டாலும் சொல்வான்.

காய் எப்படியோ, பேர் எனக்கு இல்லை. அதுதான் எரிச்சல். அப்போது நாங்கள் சிறு தோட்டக்காரர்கள் எல்லோரும் சரக்கை ஒரு பெரிய மண்டியில்தான் போடுவோம். அந்த மண்டி முதலாளி எல்லார் காயையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, சாக்கில் கட்டி, தன் நட்சத்திர மார்க்கைப் போட்டுப் பம்பாய்க்கு அனுப்புவார். என் காய் மேலே தெரியும், கண்டவன் காயும் அடியில் போகும், பேர் நட்சத்திரத்துக்கு. ஒருநாள் மண்டியில் நாலு பேர் இருக்கும்போதே கேட்டேன்.

"மொதலாளி, என் சரக்கத் தனியாக் கட்டி என் மார்க்கப் போட்டு அனுப்புங்க. கமிசன் வழக்கம்போல எடுத்துக்கங்க."

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன் மார்க்கு என்னடா? கைநாட்டா?"

நாலு பேரும் சிரித்தார்கள். அதில் இரண்டு பேர் என் சொந்தக்காரர்கள்.

அந்தச் சிரிப்பு என் காதை விட்டு இறங்குவதற்குள் புரட்டாசி வந்துவிட்டது. ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். முதல் பறிப்பு முடிந்து நாலு மூட்டையை மண்டியில் இறக்கியிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், முதலாளியை மதுரையில் ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பிய ஜீப்பு டிரைவர் என் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"அண்ணே, சேதி தெரியுமா? அரபுக்காரர் ஒருத்தர் பம்பாய்க்கு வந்திருக்காராம். வருசம் பூராம் வேணுங்கிற காய ஒரே ஆளுகிட்ட எடுக்கப் போறாராம். வெள்ளிக்கெழம சாயங்காலம் கப்பலேறிருவாராம். ஒங்க மொதலாளி மாதிரிப் பையத் தூக்கிக்கிட்டு ஞாயித்துக்கெழமையே போயிட்டாரு."

எங்களில் ஒருவனிடமும் அவர் வாயைத் திறக்கவில்லை. நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. என் வீட்டுக்காரி உள்ளே சுளகில் காயைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கத்தவில்லை. கத்தரிக்கோலை மட்டும் கீழே வைத்தாள்.

அந்தக் கத்தரிக்கோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏலக்காய்க்கு ஒரு முனையில் காம்பு, இன்னொரு முனையில் காய்ந்த பூவின் வால். மற்ற இடங்களில் சாக்கில் போட்டுத் தேய்த்து உதிர்ப்பார்கள், இல்லாவிட்டால் நகத்தால் கிள்ளுவார்கள். முனை பிய்ந்துபோய்க் கிடக்கும். என் வீட்டில் ஒவ்வொரு காயையும் கத்தரிக்கோலால் நறுக்குவோம். நறுக்குகிறவள் அவள். அவளுக்கு இடது கைதான் வாட்டம். கத்தரிக்கோலோ வலது கைக்காரர்களுக்கென்று செய்தது. இடது கையில் பிடித்தால் நேராக வெட்டாது, சாய்த்துத்தான் வெட்டும். அதனால் என் வீட்டுக் காயில் வெட்டு சாய்ந்திருக்கும். மண்டியில் காய் பொறுக்கும் பெண்கள் இதைச் சொல்லி அவளைக் கேலி செய்வார்கள்.

"ரயிலுக்குப் பின்னாடி ஓடியா புடிக்கப் போறீங்க?" என்றாள் அவள். "கொச்சியில இருந்து ஏரோப்ளேன் போகுதுன்னு நீங்கதான சொன்னீங்க. ஏறிப் போங்க. காசு போனா வரும். நம்ம காயி அந்தாளு பேர்ல கடல் தாண்டிருச்சுன்னா திரும்ப வருமா?"

ஜீப்பு டிரைவர் சிரித்தார். "மதினி, அண்ணன் சைக்கிள்ல பக்கத்து ஊரு தேவாரத்தத் தாண்டுனதில்ல. ஆகாயத்துல போகச் சொல்றீகளே!"

"விடியக்காலம் வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்று அவள் என்னிடம் சொன்னாள், அவரைப் பார்க்காமலே. அன்று முழுவதும் உட்கார்ந்து ரெண்டு ராத்தல் காய் நறுக்கி, வெள்ளைத் துணிப் பையில் போட்டு, வாயைச் சுருக்குக் கயிற்றால் கட்டிக் கொடுத்தாள். ஒன்றுபோல முத்தின காய். பச்சை நிறம் மங்காமல் இருக்க அதைக் கருப்புத் துணியில் சுற்றினேன்.

புதன்கிழமை விடியலில் கிளம்பி, போடிமெட்டு ஏறி, சோதனைச் சாவடியில் நின்று, மூணாறு வழியாக இறங்கி, பொழுது சாயக் கொச்சி போய்ச் சேர்ந்தோம். விமான நிலையம் ஒரு தீவில் இருந்தது. நிலையம் என்றால் இன்றைக்கு நீங்கள் பார்க்கிற பளிங்கு மாளிகை இல்லை. ஓட்டுக் கூரை, ஒரு நீள மேசை, ஒரு தராசு.

தராசு! வியாழக்கிழமை காலையில் டிக்கெட்டைக் கொடுத்தவுடன் அங்கிருந்த குமாஸ்தா என்னை அதில் ஏறி நிற்கச் சொன்னார். பெட்டியை நிறுக்கிறார்கள், சரி. என்னை எதற்கு? மூட்டை மூட்டையாக நிறுத்துப் பழகியவன் நான். என்னை எவனும் நிறுத்ததில்லை. என் எடையை அவர் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்த, பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டார். கோட்டுப் போட்ட மனிதர்கள், பட்டுப் புடவைப் பெண்கள், ஒரு கன்னியாஸ்திரி, அத்தனை பேர் முன்னால். முகம் கொதித்தது. இறங்கும்போது பார்த்தேன். தராசில் யாருமே இல்லை, முள் பூஜ்யத்துக்குக் கீழே நாலு ராத்தல் தள்ளி நிற்கிறது.

"ஐயா, ஒங்க தராசு பொய் சொல்லுது" என்றேன்.

"சேட்டா, இது ஏலச்சந்தையல்ல" என்றார் குமாஸ்தா.

"சந்தையா இருந்தா இந்தத் தராச இந்நேரம் தூக்கி எறிஞ்சிருப்பாங்க. இத்தன பேரையும் கொறச்சு நிறுத்து மேல ஏத்துறீங்களே, பாரம் தாங்காம அது கீழ வந்தா?"

அந்த ஒரு வார்த்தை போதும். கன்னியாஸ்திரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பட்டுப் புடவைகள் பேச ஆரம்பித்தன. வேறு வழியில்லாமல் முள்ளைச் சரிசெய்து எல்லாரையும், எல்லாப் பெட்டியையும் மறுபடி நிறுத்தார்கள். அதில் கோட்டுப் போட்ட ஒரு மனிதரின் பெட்டி அளவைத் தாண்டிவிட்டது. அதிகப்படி பாரத்துக்குக் கட்டணம் கட்டச் சொன்னார்கள். அவர் இங்கிலீஷில் கத்தினார். கட்டிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு ஒன்று புரிந்தது, இந்த ஆள் பம்பாய் வரைக்கும் என்னை விடப்போவதில்லை.

டகோட்டா விமானத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மூக்கைத் தூக்கிக்கொண்டு, வாலைத் தரையில் வைத்து, உட்கார்ந்த நாய் மாதிரி நிற்கும். வால் பக்கம் ஏறி உள்ளே நுழைந்தால் ஒரே ஏத்தம். கோட்டுக்காரர்கள் இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து ஏறினார்கள். நான் கையை வீசிக்கொண்டு நடந்தேன். குரங்கணி ஏத்தத்தில் அரை மூட்டையோடு ஏறியவனுக்கு இது என்ன ஏத்தம்? முன்னால் போய் வலது பக்கச் சன்னலோரத்தில் உட்கார்ந்தேன். என் கெட்ட நேரம், பக்கத்து இருக்கை அதே கோட்டுக்காரருக்கு.

விமானத்துப் பெண் ஒரு தட்டில் பஞ்சும் புளிப்பு மிட்டாயும் கொண்டுவந்தாள். பஞ்சு காதுக்கு என்று ஜாடை காட்டினாள். நான் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பஞ்சைத் திருப்பிக் கொடுத்தேன். இத்தனை செலவழித்து ஏறியிருக்கிறேன், சத்தத்தையும் சேர்த்துத்தானே வாங்கினேன்? அப்புறம் அது ஓடியது, குலுங்கியது, சட்டென்று குலுக்கல் நின்றது. கீழே கடலும் தென்னையும் சாய்ந்து, தீவு ஒரு வெற்றிலை அளவுக்குச் சுருங்கியது.

கோபக்காரன் கதைதான் இது, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. கொஞ்ச நேரத்தில் வலது பக்கம் மலை வந்தது. எங்கள் மலையின் தொடர்ச்சி, வடக்கே வடக்கே போய்க்கொண்டே இருந்தது. வாழ்நாள் பூராவும் அண்ணாந்து பார்த்த ஒன்றைக் குனிந்து பார்த்தேன். ஒற்றையடிப் பாதைகள் முதுகில் நகம் கீறின மாதிரித் தெரிந்தன. அந்தக் கீறல் ஒவ்வொன்றிலும் எவனோ ஒருவன் தலையில் மூட்டையோடு மூச்சுவாங்கிக்கொண்டு நிற்பான். மேலிருந்து பார்த்தால் அவன் தெரியவில்லை. பாரமும் தெரியவில்லை. பெரிய மனிதர்களுக்கெல்லாம் நாங்கள் ஏன் தெரிவதில்லை என்று அப்போதுதான் விளங்கியது. மகிழ்ச்சியாகத்தான் பார்க்க ஆரம்பித்தேன், முடிக்கும்போது மறுபடி கோபம் வந்துவிட்டது.

பை என் மடியில் இருந்தது. மூடின இடத்தில் ஏலக்காய் வாசம் சும்மா இருக்குமா? எழுந்து உலாவ ஆரம்பித்தது. கோட்டுக்காரர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு விமானத்துப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் என்னிடம் மலையாளத்தில் பணிவாகக் கேட்டாள், பையைப் பின்னால் சாமான்களோடு வைக்கலாமா என்று. "இத வைக்கணும்னா என்னையும் சேத்து வைங்கம்மா. நிறுத்துத்தான ஏத்துனீங்க" என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அரை மணி நேரம் கழித்து மேகத்துக்குள் போனோம். சன்னலெல்லாம் வெள்ளை. விமானம் திடீரென்று கீழே விழும், விழுந்த இடத்தில் முட்டி மேலே ஏறும், பக்கவாட்டில் ஒரு உதறல். முன்னால் ஒருவர் காகிதப் பையில் முகத்தைப் புதைத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். கன்னியாஸ்திரி கண்ணை மூடி முணுமுணுத்தார். என் பக்கத்துக் கோட்டுக்காரர் முகம் பழுத்த இலை மாதிரி ஆகிவிட்டது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. போடிமெட்டு வளைவுகளில் பஸ்சில் ஏறும் எங்கள் ஆட்கள் செய்கிற மாதிரிப் பையைத் திறந்து, ஒரு காயை எடுத்துக் கடைவாயில் அதக்கிக்கொண்டேன்.

அதை அவர் பார்த்துவிட்டார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்று கொடுத்து முடித்திருப்பேன். திறந்திருந்த பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிவிட்டார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. மாதிரிப் பையில் ஒருவன் கையை விட்டு அள்ளினால் அந்தப் பிடி அவனுடையது. திருப்பிக் கேட்கக் கூடாது. அதைவிட முக்கியம், கை நீட்டுகிறவன் முகத்துக்கு எதிரே பையின் வாயைச் சுருக்கக் கூடாது. சுருக்கினால், உள்ளே சரக்கு சரியில்லை, அடியில் கைவிட்டுப் பார்க்க எனக்குப் பயம் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. இருபது வருஷம் அந்த வழக்கத்தில் ஊறின கை இது. அது சந்தைக்கு மட்டும்தான், ஆகாயத்துக்கு இல்லை என்று அந்த நேரத்தில் என் கைக்குத் தெரியவில்லை.

அவர் இரண்டு காயைக் கடித்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. பின்னால் திரும்பி இங்கிலீஷில் என்னமோ சொன்னார். அவ்வளவுதான். முன்னாலிருந்து ஒரு கை, பின்னாலிருந்து ஒரு கை, நடுப்பாதையிலிருந்து வளையல் போட்ட ஒரு கை. நான் பையின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு பேய் அறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு பிடி போகும்போதும் வீட்டில் சுளகின் மேல் குனிந்திருந்த தலை கண்ணுக்குத் தெரிகிறது. கன்னியாஸ்திரி மட்டும் ஒரே ஒரு காயை எடுத்துக்கொண்டு கை கூப்பினார். அவர் நன்றாக இருக்கட்டும்.

பம்பாயில் பெருமழை என்று விமானத்தை வழியில் பெல்காம் என்கிற ஊரில் இறக்கிவிட்டார்கள். அப்படி ஒரு ஊர் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. இறங்குமுன் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. கீழே புல்தரையில் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒருவர் கம்போடு ஓடி ஓடி விரட்டினார். கதவைத் திறந்ததும் போடிமெட்டுக் குளிர். எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. பாலைச் சுண்டக் காய்ச்சிக் கிளறின ஒரு பழுப்பு நிறத் தித்திப்பை இலையில் வைத்துக் கொடுத்தார்கள். அப்படியொரு தித்திப்பு நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. "இன்று போக முடியாது, நாளைக் காலையில்தான்" என்று விமானத்துப் பெண் வந்து சொன்னபோது மிச்சத்தை இலையோடு கீழே வைத்துவிட்டேன். நாளை வெள்ளி. சாயங்காலம் கப்பல்.

அந்த ஆத்திரத்தோடு வேலியோரத்து டீக்கடைக்குப் போனேன். டீயில் ஏலக்காய் மிதந்தது. எடுத்துப் பார்த்தேன். வெளுத்துப்போன வெறும் தோல், உள்ளே விதை சுருங்கிக் கருகிக் கிடக்கிறது. இரண்டு வருஷத்துப் பழைய சரக்கு. ஏதோ ஒரு மண்டிக்காரன் மூட்டைக்கு அடியில் போட்டுத் தள்ளியது. இதைத்தான் ஏலக்காய் என்று இந்த ஊர் நம்பிக் குடித்துக்கொண்டிருக்கிறது! கடைக்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, என் பையிலிருந்து ஒரு பிடியை எடுத்து நசுக்கி அவர் கெட்டிலில் போட்டேன். பாஷை தெரியாது. "இதான்யா ஏலக்கா! இதக் குடி!" என்று தமிழிலேயே கத்தினேன். விமானத்தில் வந்தவர்கள் எல்லாம் வந்து குடித்தார்கள். கோட்டுக்காரர் மூன்று கிளாஸ் குடித்துவிட்டு என் தோளில் தட்டினார். கடைக்காரர் கண்ணை மூடிக் குடித்துவிட்டுக் கையை நீட்டினார். அவர் முகத்துக்கு எதிரே மட்டும் பையைச் சுருக்குவேனா?

கோபத்தில் செய்த அந்தக் காரியம்தான் பையைக் காலி செய்தது. இதை யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை, இப்போது எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை முற்பகல் பம்பாயில் இறங்கி, மஸ்ஜித் பந்தர் கடைத்தெருவில், நட்சத்திர மார்க்கு மூட்டைகள் போய் இறங்குகிற கடையைத் தேடிப் பிடித்தபோது மதியம் தாண்டிவிட்டது. மாடியில் வெள்ளை மெத்தை விரித்த ஒரு நீளக் கூடம். நடுவில் அரபுக்காரப் பெரியவர், தாடி முழுக்க நரை. அவருக்கு மொழிபெயர்க்க, கடையின் குமாஸ்தாவான ஒரு பாலக்காட்டுக்காரர். எதிரில் திண்டில் சாய்ந்துகொண்டு எங்கள் மண்டி முதலாளி. அவர்களுக்கு நடுவில் ஒரு பித்தளைத் தட்டில் ஏலக்காய்.

தட்டைக் குனிந்து பார்த்தேன். அந்த வெட்டு. அந்தச் சாய்வு. அது என் காய். மண்டியில் நான் இறக்கியிருந்த நாலு மூட்டையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்.

"என்னப்பா, நீ எங்க இங்க?" என்றார் முதலாளி. திண்டிலிருந்து நிமிர்ந்துவிட்டார்.

"ஆகாயத்துல வந்தேன். மொதலாளி, இது யார் காயி?"

"எம் மண்டிக் காயி."

"மனசத் தொட்டுச் சொல்லுங்க. இது எந்த வீட்டுக் காயி?"

"மண்டிக்குள்ள வந்துட்டா எல்லாம் மண்டிக் காயிதான்டா. சரி, சரக்குக் காட்ட வந்தியா? காட்டு. எங்க ஒம் மாதிரி?"

பாலக்காட்டுக்காரர் ஒரு வெற்றுத் தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் பையைக் கவிழ்த்தேன். கொஞ்சம் தூசி விழுந்தது. பையின் மூலைத் தையலில் சிக்கியிருந்த ஏழு காய் விழுந்தன. ஏழு.

முதலாளி சிரித்த சிரிப்பு அந்தக் கூடத்தின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பியது. "ஆகாயத்துல வந்தவரு கைய வீசிக்கிட்டு வந்துருக்காரு! ஏழு காயி! பாயசத்துக்குக் கூடப் பத்தாதேடா!"

ஆனாலும் சொன்னேன். "இந்த ஏழும் என் காயி. ஏழு போதும்."

அவர் பேசாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அவர்தான் ஜெயித்திருப்பார். ஆனால் என்னை இன்னும் ஒரு மிதி மிதிக்க ஆசை வந்துவிட்டது. பாலக்காட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "அந்தப் பெரியவர்ட்ட ஒண்ணு சொல்லுங்க. இவன் பொண்டாட்டி பீச்சாங்கைக்காரி. இந்தக் காயி பூராம் பீச்சாங்கையால நறுக்குனது. பாருங்க, வெட்டே கோணலா இருக்கும். இத வாயில வைப்பாரான்னு கேளுங்க!"

பாலக்காட்டுக்காரர் மொழிபெயர்க்கவில்லை. என் தட்டிலிருந்து ஒரு காயை எடுத்துக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். அப்புறம் முதலாளியின் பித்தளைத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இன்னொன்று. இன்னொன்று. எல்லாம் கோணல். எல்லாம் ஒரே கோணல்.

முதலாளியின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு பெரியவரிடம் நெடுநேரம் அவர்கள் பாஷையில் பேச்சு நடந்தது. கிடங்கிலிருந்து நட்சத்திர மார்க்கு மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தார்கள். மேலே இரண்டு கை அளவுக்கு நல்ல காய். அதற்குக் கீழே கிள்ளினதும் தேய்த்ததும் வெளுத்ததும். பெல்காம் டீயில் மிதந்ததற்கு அண்ணன் தம்பி. பெரியவர் விரலால் அளைந்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். என்னிடம் அவர் கேட்டதைப் பாலக்காட்டுக்காரர் சொன்னார்.

"மாதிரி இல்லாம எப்படி வியாபாரம் பேசறதுன்னு கேக்கறார்."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பித்தளைத் தட்டைக் காட்டினேன். "அந்தத் தட்டுதான் என் மாதிரி. நான் வழியில தொலச்சேன், மொதலாளி ரயில்ல பத்திரமாக் கொண்டாந்து சேத்துருக்காரு. அவருக்கு ஒரு கும்பிடு."

நிஜமாகவே கும்பிட்டேன். வாழ்நாளில் நான் அவ்வளவு கோபத்தோடு யாரையும் கும்பிட்டதில்லை.

அதைக் கேட்டுவிட்டு அரபுக்காரர் சிரித்தார். இடது கையைப் பற்றி அவர் சொன்னது எனக்கு மனப்பாடம்: "கடையில் நான் கையை வாங்கவில்லை, காயை வாங்குகிறேன்." தோளிலிருந்த துணியை எடுத்து எங்கள் இருவர் கைமேலும் போர்த்தினார். துணிக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசினோம். எங்கள் சந்தையில் பேசுகிற அதே முறை. பாஷையே தேவைப்படவில்லை. என் தோட்டத்தில் விளைவது முழுவதும், வருஷாவருஷம், தனி மூட்டையாக. அது முடிந்ததும் பாலக்காட்டுக்காரர் மார்க்கு என்ன என்று கேட்டார். நான் யோசித்து வைத்திருக்கவில்லை. மைக் குச்சியை வாங்கி ஒரு சாக்கில் ஒரே ஒரு கோடு போட்டேன். சாய்ந்த கோடு. இன்றைக்கும் அதுதான் எங்கள் மார்க்கு. கைநாட்டு இல்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்காது. திரும்பி வர விமானத்துக்குக் கையில் பணம் இல்லை. சனிக்கிழமை ரயில் ஏறினேன். பெட்டியில் எதிர்ப் பலகையில் யார்? அவரேதான். நிற்கக்கூட இடமில்லாத கூட்டம், மாறி உட்கார வழியில்லை. முழங்காலும் முழங்காலும் இடிக்க, முதல் நாள் பூராவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்தோம். அவர் புளியோதரையைப் பிரித்தார், நான் சன்னலைப் பார்த்தேன். நான் வேர்க்கடலை வாங்கினேன், அவர் சன்னலைப் பார்த்தார்.

இரண்டாம் நாள் காலையில் அவர் தொண்டையைச் செருமினார்.

"ஏப்பா."

நான் ஒரு வேர்க்கடலையை உடைத்தேன்.

"மேல போனா என்னதான்டா தெரியும்?"

எத்தனையோ திட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன். அதில் ஒன்றையாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த மனிதர் முகத்தில் அப்படி ஓர் ஆசை. நட்சத்திர மார்க்கு முதலாளி, பம்பாய்க்கு இருபது தடவை போனவர், ஒரு தடவைகூட ஏறாத இடத்தில் நான் ஏறியிருக்கிறேன். எனக்கு வாய் அடங்கவில்லை. தராசில் ஆரம்பித்தேன். வால் பக்கத்து ஏத்தம், புளிப்பு மிட்டாய், குனிந்து பார்த்த மலை, எருமை விரட்டினவர், பெல்காம் தித்திப்பு. அவர் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்கக் கேட்க, மேகத்துக்குள் நடந்ததையும் சொல்லிவிட்டேன். பைக்குள் நுழைந்த கைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். வளையல் கையைக்கூட விடவில்லை. அவர் தொடையில் தட்டிச் சிரித்தார், கண்ணில் நீர் வர. கடைசியில் நானும் சிரித்துவிட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

ரயிலை விட்டு இறங்கி, பஸ்சு மாறி, நான் வீட்டுக்குப் போய்க் கால் கழுவுவதற்குள் கதை மண்டியை விட்டுக் கிளம்பிவிட்டது. பித்தளைத் தட்டும், கோணல் வெட்டும், கும்பிடும் அதில் இல்லை. பையும் வாந்தியும் மட்டும் இருந்தன. நான்தான் கொடுத்தேன் அவருக்கு. மாதிரியைக் கொடுத்தது போதாதென்று கதையையும் கை நிறைய அள்ளிக் கொடுத்திருக்கிறேன். பையை என்றைக்கு நான் நேரத்தோடு சுருக்கியிருக்கிறேன்?

என் வீட்டுக்காரிக்கு மட்டும் முழுக் கதையையும் சொன்னேன். சாய்ந்த கோட்டைச் சாக்கில் போட்டுக் காட்டினேன். அவள் அதை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அப்புறம் காலிப் பையை உதறினாள்.

"அந்தக் கோட்டுக்காரன் அள்ளுனான், சரி. கெட்டில்ல போட்டீங்களே, அது எந்த வழக்கம்?"

அவள் கையிலிருந்து பையை வாங்கி, அதன் வாயைச் சுருக்கினேன்.